‘ஐ ஆம் ஆக்வர்ட்’: கொரிய மாணவர்கள் தடுமாறும் ஓர் ஆங்கிலச் சொல்

கேள்வி: ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மேலாளராக இருக்கும் கொரியர் ஒருவருக்கும் அவருடைய மனைவிக்கும் ஆங்கிலம் கற்பிக்கிறேன். இருவருமே இலக்கணத்தில் கெட்டி. ஆனால் ‘ஆக்வர்ட்’ (awkward, சங்கடமான) என்ற சொல் மட்டும் பிடிபடவே மாட்டேன் என்கிறது. எப்போது பார்த்தாலும் ‘ஐ ஆம் ஆக்வர்ட்’ என்கிறார்கள். திருத்தினால், ‘ஹீ இஸ் அன்கம்ஃபர்டபிள்’ என்று வேறு பக்கம் சறுக்குகிறார்கள். பொருளைப் பலவிதமாக விளக்கிப் பார்த்துவிட்டேன். எங்கே சிக்கல்? எப்படிச் சொல்லிக்கொடுக்கலாம்?

பதில்:

பொருளை விளக்குவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். கொரியாவில் பள்ளிப்படிப்பை முடித்த எவருக்கும் இது புதிய சொல் இல்லை. அவர்களுடைய பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான ‘சுனுங்’கில் ஆங்கிலத்துக்கு 45 கேள்விகள், 70 நிமிடம். அவற்றில் 17 கேள்விகள் காதால் கேட்டு விடையளிப்பவை. அந்த நேரத்தில் சத்தம் இருக்கக் கூடாது என்று நாடு முழுவதும் விமானங்கள் மேலெழுவதையும் தரையிறங்குவதையும் நிறுத்திவைக்கிறார்கள். அவ்வளவு பெரிய தேர்வு. ஆனால் அதில் வாய் திறந்து பேச வேண்டிய பகுதி கிடையாது. அதனால் பிள்ளைகள் இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் கொரியம் என்று சொற்களை ஜோடி ஜோடியாக உருப்போட்டு வளர்கிறார்கள். ‘ஆக்வர்ட்’ என்றால் ‘ஒசெக்கதா’. அந்த ஜோடி அவர்கள் மனத்தில் ஆணியடித்தாற்போல் இருக்கிறது. ஜோடியில் பெரிய தவறும் இல்லை. சொல்லை வாக்கியத்தில் எங்கே உட்கார வைப்பது, யார் மேல் ஏற்றுவது என்பதை மட்டும் அந்தப் பட்டியல் சொல்லித்தரவில்லை.

கொரிய மொழியில் ஒருவர் லிஃப்டில் மேலதிகாரியோடு தனியாக மாட்டிக்கொண்டு, வெளியே வந்ததும் தோழியிடம் ‘ஒசெக்கெ’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். எழுவாய் தேவையில்லை. யாருக்குச் சங்கடம், எது சங்கடம் என்பதைக் கேட்பவர் தாமே புரிந்துகொள்வார். நாமும் அப்படித்தான் பேசுகிறோம். ‘சங்கடமாக இருந்தது’ என்றால் போதும். அதற்கு முன் ஒரு ‘அது’ போட்டால் செயற்கையாகத் தோன்றும். ஆங்கிலம் இதற்கு இடம் தராது. எழுவாய் என்று ஏதாவது ஒன்று முன்னால் நின்றாக வேண்டும். வேறு எதுவும் இல்லையென்றால் பொருளே இல்லாத ஓர் ‘இட்’டைக் கொண்டுவந்து நிறுத்துகிறது: ‘இட் வாஸ் ஆக்வர்ட்’.

கொரிய மாணவர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ஆங்கிலத்தில் எழுவாய் இல்லாமல் வாக்கியம் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தம் மொழியில் காலியாக இருந்த இடத்தை நிரப்ப ஆள் தேடுகிறார். சங்கடப்பட்டது யார்? நான். ஆகவே ‘ஐ ஆம் ஆக்வர்ட்’. இதே வழியில்தான் ‘நாளை எனக்கு வசதி’ என்று சொல்ல நினைத்து ‘ஐ ஆம் கன்வீனியன்ட் டுமாரோ’ என்பார்கள். நீங்கள் இதைப் பொருள் பிழையாக எடுத்துக்கொண்டு பொருளைத் திருத்தப் போகிறீர்கள். பிழை நடந்ததோ எழுவாயில்.

ஆங்கிலக் காதுக்கு ‘ஐ ஆம் ஆக்வர்ட்’ எப்படிக் கேட்கும்? ‘எனக்குப் பழகத் தெரியாது, நாலு பேர் நடுவில் நான் ஒரு மாதிரி’ என்று தன் குணத்தையே சொல்வதாகக் கேட்கும். இது இலக்கணப்படி சரியான வாக்கியம். ஆங்கிலேயரும் அமெரிக்கரும் தம்மைப் பற்றி இப்படிச் சொல்லிக்கொள்வதுண்டு. அதனால்தான் இது ஆபத்தானது. தப்பான வாக்கியமாக இருந்தால் எதிரில் இருப்பவர் திருத்துவார். வேறு பொருளில் சரியாக இருப்பதால் யாரும் திருத்துவதில்லை. ‘பாவம், நல்ல மனிதர், கூச்ச சுபாவம் போலிருக்கிறது’ என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

‘ஹீ இஸ் அன்கம்ஃபர்டபிள்’ என்பதன் வேர் இன்னும் சுவையானது. கொரியத்தில் ‘நாநுன் கு சராமி புல்ப்யொன்ஹதா’ என்று ஒரு வாக்கியம் அமையும். ‘நானோ, அந்த ஆள் அசௌகரியம்’ என்று சொல்லுக்குச் சொல் அடுக்கலாம். ‘அந்த ஆளோடு இருப்பது எனக்குச் சங்கடமாக இருக்கிறது’ என்பது கருத்து. இரண்டு எழுவாய் போன்ற பெயர்கள், ஒரே பயனிலை. இதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது ‘நான்’ உதிர்ந்து ‘அந்த ஆள்’ மட்டும் மிஞ்சினால் ‘ஹீ இஸ் அன்கம்ஃபர்டபிள்’. ஆங்கிலத்தில் அது தலைகீழாகிவிடுகிறது: அவர்தான் நெளிந்துகொண்டிருக்கிறார் என்று பொருள்.

தமிழர் என்ற முறையில் உங்களுக்கு இங்கே ஓர் அனுகூலம் உண்டு. நாம் ‘எனக்கு’ என்று நான்காம் வேற்றுமை போட்டு, உணர்ச்சி யாரிடம் சேருகிறது என்பதைத் தனியாகக் காட்டிவிடுகிறோம். ‘எனக்குச் சங்கடமாக இருக்கிறது’ என்பதில் ‘நான்’ சங்கடமானவன் ஆகிவிடுவதில்லை. கொரியத்திலும் அந்த உணர்வு ஏறக்குறைய இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்வது ‘ஃபீல்’ என்ற வினை. இந்த ஒப்பீட்டை அவர்களிடம் தாளில் எழுதிக் காட்டுங்கள். வினை கடைசியில் வருவது, பெயரெச்சம் பெயருக்கு முன் நிற்பது, உருபு பெயரின் பின்னால் ஒட்டுவது எல்லாம் இரு மொழிக்கும் பொது என்பதால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். இணையத்தில் எல்லோரும் ‘அப்பா’வும் ‘அம்மா’வும் கொரியத்திலும் உண்டு என்று வியந்துகொண்டிருக்கிறார்கள். பாடம் நடத்துகிறவருக்கு அதைவிட இந்த வாக்கிய அமைப்பு பல மடங்கு உதவும்.

ஆகவே செய்ய வேண்டிய வேலை இரண்டு. ஒன்று, மூன்று வாக்கியச் சட்டகங்களைப் பழக்குவது. சூழ்நிலையைச் சொல்ல ‘இட்ஸ் ஆக்வர்ட்’. என் உணர்வைச் சொல்ல ‘ஐ ஃபீல் ஆக்வர்ட்’. இருவருக்கு இடையே உள்ள உறவைச் சொல்ல ‘திங்ஸ் ஆர் ஆக்வர்ட் பிட்வீன் அஸ்’. ‘ஐ ஆம் ஆக்வர்ட்’ என்பதைத் தவறு என்று தடை செய்யாதீர்கள். அது குணத்தைச் சொல்வதற்கு என்று தனியே ஒதுக்கிவையுங்கள். தடை செய்தால் பயந்து அந்தச் சொல்லையே விட்டுவிடுவார்கள். கொரிய மாணவர்கள் தவறு செய்வதைவிட மௌனமாக இருப்பதைத் தேர்ந்தெடுப்பவர்கள். இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. ‘போரிங் – போர்ட்’, ‘எம்பாரஸிங் – எம்பாரஸ்ட்’ என்று ஆங்கிலத்தில் ஜோடிகள் உண்டு. ஒன்று உணர்ச்சியைத் தருவது, மற்றது அடைவது. ‘ஆக்வர்ட்’டுக்கு அந்த ஜோடி இல்லை. ஒரே வடிவம்தான் இரண்டு வேலையும் செய்கிறது. வடிவம் எளிது என்று மாணவர் மகிழ்வார். ஆனால் விகுதி சொல்லித்தந்த செய்தியை இங்கே வாக்கியச் சட்டகம்தான் சொல்ல வேண்டும் என்பதை அவர் உணர வேண்டும்.

மற்ற வேலை, சொல்லைத் தனியாகக் கொடுக்காமல் பெயரோடு சேர்த்துக் கொடுப்பது. ஆக்வர்ட் சைலன்ஸ், ஆக்வர்ட் பாஸ், ஆக்வர்ட் கொஸ்டின், ஆக்வர்ட் மொமென்ட், ஆக்வர்ட் பொசிஷன். கொரியத்தில் ‘ஒசெக்கன் சிம்முக்’ என்றால் சங்கடமான மௌனம். அடை முன்னால், பெயர் பின்னால். இந்த இடத்தில் மூன்று மொழியும் ஒரே வரிசையில் நிற்கின்றன. மாணவருக்கு மொழிபெயர்க்க வேண்டிய பாரமே இல்லை. எழுவாய்த் தொல்லையும் இல்லை. நான் எப்போதும் இங்கிருந்துதான் தொடங்குவேன். பயனிலையாக வரும் ‘ஆக்வர்ட்’டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு வருவதுதான் இந்தச் சொல்லில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ‘ஒசெக்கதா’வின் ‘ஒசெக்’ சீன எழுத்துகளால் ஆன சொல். முதல் எழுத்துக்குப் ‘பேச்சு’ என்று பொருள், இரண்டாவதற்கு ‘அடைத்துக்கொள்வது’ என்று பொருள். வாயடைத்துப் போவது. ஆங்கிலச் சொல்லோ வேறு திசையிலிருந்து வருகிறது, ‘திசை’ என்பதே அதன் கதை. பழைய நார்ஸ் மொழியில் ‘பின்புறமாகத் திரும்பிய, தலைகீழான’ என்று பொருள்பட்ட ஒரு சொல் இடைக்கால ஆங்கிலத்தில் ‘ஆக்’ ஆனது. அதனோடு ‘ஃபார்வர்ட்’, ‘பேக்வர்ட்’ ஆகியவற்றில் உள்ள அதே ‘வர்ட்’ சேர்ந்தது. தவறான பக்கம் திரும்பியது என்பதே முதற்பொருள். அதிலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் ‘கை பழகாத, லாகவமில்லாத’ என்ற பொருள் வந்தது. மனச்சங்கடம் என்ற பொருள் 18-ஆம் நூற்றாண்டில்தான் வலுப்பெற்றது.

மாணவருக்கு இந்த வரலாறு எதற்கு? ஆங்கிலத்தில் ஒரு பெட்டிகூட ‘ஆக்வர்ட்’டாக இருக்க முடியும் என்பதை அவர் நம்புவதற்கு. கனமே இல்லாவிட்டாலும் பிடித்துத் தூக்க வாகில்லாத பெட்டி ‘ஆக்வர்ட்’. கழுத்தை ஒருக்களித்துத் தூங்கி வலி வந்தால் ‘ஐ ஸ்லெப்ட் இன் அன் ஆக்வர்ட் பொசிஷன்’. எளிதில் இணங்காத மனிதரைப் பிரிட்டிஷ்காரர் ‘ஆக்வர்ட் கஸ்டமர்’ என்பார். அவர் கடைக்கு வந்த வாடிக்கையாளராக இருக்க வேண்டியதில்லை. இவை ஒன்றுக்கும் ‘ஒசெக்கதா’ பொருந்தாது. கொரியச் சொல் வாயில் பிறந்தது; பேச்சு, பழக்கம், இயல்பு ஆகியவற்றைச் சுற்றியே வருகிறது. ஆங்கிலச் சொல் கையிலும் உடம்பிலும் பிறந்து மனத்துக்கு வந்தது. ‘வாகாகப் பிடி கிடைக்கவில்லை’ என்ற ஒரே கருத்தைச் சொல்லிப் பாருங்கள். பெட்டிக்கும் பிடி இல்லை, மௌனத்துக்கும் பிடி இல்லை, அடுத்து என்ன செய்வது என்று தெரியாத அந்த நொடிக்கும் பிடி இல்லை. மாணவர் முகத்தில் தெளிவு வருவதைப் பார்ப்பீர்கள்.

நேரம் பற்றிய பயன்பாட்டைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். மதியம் மூன்று மணி: மதிய உணவுக்குத் தாமதம், இரவு உணவுக்கு வெகு சீக்கிரம். கொரியர் இதை ‘எமெஹதா’ என்பார். அகராதி அதற்கு ‘அம்பிகுவஸ்’ என்று சொல்லும். எனவே ‘த டைம் இஸ் அம்பிகுவஸ்’ என்று ஒரு வாக்கியம் பிறக்கும். ஆங்கிலேயருக்குக் கடிகாரம் பழுதோ என்று தோன்றும். அங்கே வேண்டியது ‘இட்ஸ் அன் ஆக்வர்ட் டைம்’. கூட்டம் வைக்க நேரம் பேசும் ஒரு மேலாளருக்கு வாரம்தோறும் பயன்படக்கூடிய தொடர் இது.

எதிர்த்திசையிலும் இடைவெளி உண்டு. புதிதாக முடி வெட்டிக்கொண்ட பெண் கண்ணாடி முன் நின்று ‘ஒசெக்கெ’ என்பார். ‘இன்னும் பழகவில்லை’ என்பதுதான் கருத்து. ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் நாட் யூஸ்ட் டு இட் யெட்’ என்றால் இயல்பாக இருக்கும். ‘மை ஹேர் இஸ் ஆக்வர்ட்’ என்றால் கேட்பவர் முடிக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்பார். ஒரு நடிகரின் நடிப்பு ஒட்டவில்லை, செயற்கையாக இருக்கிறது என்றாலும் கொரியத்தில் அதே ‘ஒசெக்கதா’தான். ஆங்கிலத்தில் அங்கே ‘ஸ்டிஃப்’, ‘அன்னேச்சுரல்’ போன்றவை பெரும்பாலும் பொருந்தும். மொழிபெயர்ப்பு நடை முரடாக இருந்தால் மட்டும் ‘ஆக்வர்ட் டிரான்ஸ்லேஷன்’ என்று இரண்டும் மறுபடி கைகோக்கின்றன.

இனி, சங்கடத்துக்குக் கொரியத்தில் இருக்கும் சொற்செல்வத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாம் சங்கடம், தர்மசங்கடம், கூச்சம், அசடு வழிதல் என்று பிரித்துப் பேசுவதுபோல் அவர்களும் நுணுக்கமாகப் பிரிக்கிறார்கள். இரண்டு பக்கமும் சிக்கிக்கொண்டு எதையும் செய்ய முடியாத நிலை ‘நான்ச்சொஹதா’. நம்முடைய தர்மசங்கடம் ஏறக்குறைய இதுதான். ஆங்கிலத்தில் ‘இட் புட்ஸ் மீ இன் அன் ஆக்வர்ட் பொசிஷன்’. அலுவலகத்தில் மரியாதையாக மறுப்பதற்கு இதைவிட நல்ல தொடர் இல்லை. உங்கள் மாணவருக்கு இதை முழு வாக்கியமாகவே பதியவையுங்கள். சண்டை போட்ட நண்பர்களிடையே ஒட்டுதல் குறைந்து நிற்பது ‘ஸொமொக்கதா’. அதற்குத்தான் ‘திங்ஸ் ஆர் ஆக்வர்ட் பிட்வீன் அஸ்’. யாரையும் தெரியாத விருந்தில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அசடு வழிய நிற்பது ‘ப்பொல்ச்சும்ஹதா’. இது பேச்சுவழக்குச் சொல். ‘ஐ ஃபெல்ட் ஆக்வர்ட் ஸ்டாண்டிங் தேர்’ என்றால் அப்படியே வந்துவிடும்.

‘மின்மங்ஹதா’ கொஞ்சம் தனி. பார்க்கவே நமக்குக் கூச்சமாக இருக்கும் நிலை. கொரியப் பொதுக் குளியலகங்களில் ஆண்கள் பகுதியில் ஆண்களும் பெண்கள் பகுதியில் பெண்களும் உடையின்றித்தான் குளிப்பார்கள். முன்பின் தெரியாதவர்களிடையே அதில் யாருக்கும் கூச்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெந்நீர்த் தொட்டியில் இறங்கும்போது எதிரே உங்கள் துறைத் தலைவர் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். குனிந்து வணங்காமல் இருக்க முடியாது. வணங்கும் நிலையிலும் இல்லை. அதுதான் ‘மின்மங்ஹதா’. வகுப்பில் இந்தக் காட்சியைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள், எல்லோருக்கும் ஒரு கதை இருக்கும். ஆங்கிலத்தில் ‘ஸோ ஆக்வர்ட்’ என்றாலும் ‘எம்பாரஸிங்’ என்றாலும் சரி.

‘எம்பாரஸ்ட்’ பற்றி ஓர் எச்சரிக்கை. ‘தங்ஹ்வங்ஹதா’ என்ற கொரியச் சொல்லுக்குப் பலர் இதைத்தான் ஜோடியாகப் படித்திருக்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு எதிர்பாராத ஒன்றால் திகைத்துத் தடுமாறுவது என்று பொருள். வெட்கம் அதில் கட்டாயமில்லை. கூட்டத்தில் திடீரென்று ஒரு கேள்வி வந்து பதில் தெரியாமல் திகைத்ததை ‘ஐ வாஸ் எம்பாரஸ்ட்’ என்று சொன்னால், ஏதோ தவறு செய்து வெட்கப்பட்டதாகக் கேட்பவர் நினைப்பார். ‘ஐ வாஸ் காட் ஆஃப் கார்ட்’ அல்லது ‘ஃப்ளஸ்டர்ட்’ சரி.

‘அன்கம்ஃபர்டபிள்’ பற்றிய எச்சரிக்கை இதைவிடத் தீவிரமானது. ‘புல்ப்யொன்ஹதா’ கொரியத்தில் அன்றாடம் புழங்கும் சொல். சுரங்க ரயில் நிலையம் தூரமாக இருந்தாலும் அது, வயிறு மந்தமாக இருந்தாலும் அது, மாமியாரோடு ஒரே வீட்டில் இருப்பது சிரமமாக இருந்தாலும் அதுவே. ஆங்கிலத்தில் ஒரு பெண் ஊழியர் தம் மேலாளரைப் பற்றி ‘ஹீ மேக்ஸ் மீ அன்கம்ஃபர்டபிள்’ என்று சொன்னால் நிறுவனத்தின் மனிதவளத் துறை நிமிர்ந்து உட்காரும். அவர் நடத்தையில் வரம்பு மீறல் இருப்பதாகவே அந்த வாக்கியம் புரிந்துகொள்ளப்படும். உங்கள் மாணவர் சொல்ல வந்தது ‘அவர் முன் சகஜமாக இருக்க முடியவில்லை’ என்பது மட்டும்தான் என்றால் ‘ஐ ஃபீல் அ பிட் ஆக்வர்ட் அரவுண்ட் ஹிம்’ போதும். மாறாக, உண்மையிலேயே வரம்பு மீறல் நடந்திருந்தால் ‘ஆக்வர்ட்’ என்று மென்மையாகச் சொல்லி விஷயத்தைக் கரைத்துவிடவும் கூடாது. இரண்டு சொல்லின் எடையும் வேறு என்பதை இந்த இருவரிடமும், முக்கியமாக மனைவியிடம், வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். அயல்நாட்டில் வாழும் ஒரு பெண்ணுக்கு இந்த வேறுபாடு பாதுகாப்பு சம்பந்தப்பட்டது.

பயிற்சிக்கு எங்கே போவது? அமெரிக்கப் பாடப்புத்தகத்தில் உள்ள சூழ்நிலைகளை விட்டுவிட்டு அவர்களுடைய வாழ்க்கையிலிருந்தே எடுங்கள். கொரியச் சமூகத்தில் சங்கடம் விளையும் வயல் எது என்று கேட்டால், மரியாதை மொழி என்பேன். கொரியத்தில் ‘ஜொந்தென்மல்’ என்ற மரியாதைப் பேச்சும் ‘பன்மல்’ என்ற உரிமைப் பேச்சும் உண்டு. நாம் ‘நீங்கள்’, ‘நீ’ என்று மாற்றுவது போலத்தான். ஆனால் அங்கே வினைமுற்று ஒவ்வொன்றும் மாறும். எதிரில் இருப்பவர் மூத்தவரா இளையவரா என்று தெரியாமல் ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க இயலாது. அதனால்தான் அறிமுகமானவுடன் எந்த ஆண்டு பிறந்தீர்கள் என்று கேட்கிறார்கள். வயதைக் கணக்கிடும் முறையைச் சட்டப்படி உலக வழக்குக்கு மாற்றி 2023 ஜூன் 28 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். பிறந்த ஆண்டைக் கேட்கும் வழக்கம் அதனால் நின்றுவிடவில்லை. ஆங்கிலேயருக்கு இது ‘ஆக்வர்ட் கொஸ்டின்’. கொரியருக்கோ அதைக் கேட்காமல் இருப்பதுதான் சங்கடம். இந்த முரணை அவர்கள் வாயாலேயே ஆங்கிலத்தில் விளக்கச் சொல்லுங்கள். ஒரு முழு வகுப்பு ஓடிவிடும்.

அதன் பிறகு ‘மல் நோத்தா’. ‘பேச்சைக் கீழே விடுவது’ என்று சொல்லுக்குச் சொல் வரும். இரண்டு பேர் நெருங்கிய பிறகு, இனி மரியாதைப் பேச்சு வேண்டாம் என்று ஒருவர் சொல்ல, மற்றவர் ஒப்புக்கொள்வார். ஒப்புக்கொண்ட பிறகும் முதல் சில நாள் நாக்கு பழையபடியே மரியாதை விகுதியில் போய் நிற்கும். பாதி வாக்கியத்தில் விழுங்கித் திருத்துவார்கள். அதைவிடத் துல்லியமான ‘ஒசெக்கதா’ கிடையாது. ‘இட் ஃபெல்ட் ஆக்வர்ட் அட் ஃபர்ஸ்ட்’ என்ற தொடரை இதைச் சொல்லவைத்தே பழக்கலாம்.

உங்கள் மேலாளர் தொழிற்சாலையில் ‘புஜாங்நிம்’ போன்ற பதவிப் பெயரால் அழைக்கப்பட்டே பழகியவராக இருப்பார். வெளிநாட்டு வாடிக்கையாளர் எடுத்த எடுப்பில் அவரைப் பெயர் சொல்லி அழைப்பார். அவரும் பதிலுக்குப் பெயர் சொல்ல வேண்டும். கொரியாவிலேயே இந்தப் படிநிலையைக் குறைக்க முயன்ற நிறுவனங்கள் உண்டு. காக்காவோ என்ற இணைய நிறுவனத்தில் ஊழியர்கள் ஒருவரையொருவர் ஆங்கிலப் பெயரால் அழைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். நிறுவனர் கிம் பொம்-சு அங்கே பிரையன். ‘காலிங் மை பாஸ் பை ஹிஸ் ஃபர்ஸ்ட் நேம் ஃபீல்ஸ் ஆக்வர்ட்’ என்ற வாக்கியத்தை அவர் ஒருமுறை சொல்லட்டும். எழுவாய் ‘ஐ’ இல்லை, ஒரு செயலே எழுவாய் ஆகிறது என்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். அவருடைய பழைய பிழை அங்கே தானாகவே அவிழும்.

திருமண அழைப்பும் நல்ல களம். கொரியாவிலும் நம் மொய் போல உறையில் பணம் வைத்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு. 50,000 வோனா, 1,00,000 வோனா என்பதில் உறவின் நெருக்கம் தெரிந்துவிடும். பல ஆண்டுகளாகத் தொடர்பே இல்லாத பள்ளித் தோழனிடமிருந்து திடீரென்று அழைப்பிதழ் வந்தால்? காக்காவோ டாக் செயலியில் செய்தியைத் திறந்ததும் அதன் பக்கத்தில் இருக்கும் ‘1’ மறைந்துவிடும்; படித்துவிட்டீர்கள் என்று அனுப்பியவருக்குத் தெரியும். பதில் எழுதாமல் இருக்கவும் முடியாது, என்ன எழுதுவது என்றும் தெரியாது. ‘இட்ஸ் ஆக்வர்ட் டு சே நோ’ என்று அந்த இடத்தில் எந்தக் கொரியரும் தானாகவே சொல்லிவிடுவார்.

குழந்தைகளுக்கும் சேர்த்து வகுப்பு எடுப்பீர்களானால் ஒன்று சொல்கிறேன். புது ஆளைக் கண்டால் அழும் குழந்தையை நாம் ‘வேற்றுமுகம் பார்க்கிறது’ என்போம். கொரியர் ‘நத்காரிம்’ என்பர். ‘நத்’ முகம், ‘காரிதா’ வேறுபடுத்திப் பார்ப்பது. அப்படியே நம் தொடர். வேடிக்கை என்னவென்றால், வளர்ந்தவர்களும் தம்மைப் பற்றி அப்படியே சொல்லிக்கொள்வார்கள். அதை ஆங்கிலத்தில் சொல்ல ‘ஆக்வர்ட்’ தேவையில்லை. ‘ஐ ஆம் ஷை வித் நியூ பீப்பிள்’ போதும்.

உச்சரிப்பு. இதைச் சற்றுப் பொறுமையாகக் கவனியுங்கள், ஏனென்றால் நமக்கும் அதே குறை உண்டு. ஆங்கிலத்தில் இது இரண்டே அசை. கொரிய எழுத்தில் எழுதினால் ‘ஒ-க்கு-வொ-து’ என்று நான்காகிவிடுகிறது. மெய்யெழுத்துகள் அடுத்தடுத்து வந்தாலோ, கடைசியில் ‘ட்’ போன்ற ஒலி விட்டு ஒலித்தாலோ அவர்கள் நடுவே ஓர் உயிரைச் செருகுகிறார்கள். அந்த உயிர் நம் குற்றியலுகரத்தின் ஒலிதான்: ‘நாடு’, ‘பாக்கு’ என்னும்போது உதடு குவியாமல் வரும் அந்த உகரம். கொரியத்தில் அதற்குத் தனி எழுத்தே இருக்கிறது. செஜோங் மன்னர் 1446-இல் வெளியிட்ட எழுத்து முறையில் தட்டையான நிலத்தைக் குறிக்கும் ஒரு படுக்கைக் கோடு அது. நீங்கள் ‘ஆக்வர்டு’ என்று இழுத்தால் மாணவரும் இழுப்பார். முதலில் உங்கள் வாயைத் திருத்திக்கொள்ளுங்கள்.

சியோல் கொரியத்தில் ஆங்கிலத்தைப் போல் சொல்லழுத்தம் கிடையாது. எல்லா அசையும் ஏறக்குறைய சம பலத்தோடு வரும். அதனால் ‘வர்ட்’ பகுதியை முழு உயிரோடு, ‘வார்ட்’ என்று கேட்கும்படி சொல்வார்கள். ‘ஃபார்வர்ட்’, ‘பேக்வர்ட்’, ‘ஆக்வர்ட்’ மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லவையுங்கள். முதல் அசையில் மேசையைத் தட்டட்டும், இரண்டாவதைத் தட்டாமல் விழுங்கட்டும். கடைசி ‘ட்’டில் நாக்கு மேலே போய் ஒட்டினால் போதும், உகரம் விட வேண்டியதில்லை. ‘கு-வொ’ என்று பிரிவதைச் சேர்க்க, ‘குவார்ட்டர்’ என்ற சொல்லைக் கொரியத்தில் எழுதும்போது முதலில் வரும் ‘க்வொ’ என்ற ஒற்றை எழுத்தசையை நினைவூட்டுங்கள். அந்த ஒலி அவர்கள் மொழியிலேயே இருக்கிறது, எழுத்துப் பழக்கம்தான் பிரிக்கிறது. எழுத்துக்கூட்டில் இரண்டு ‘டபிள்யூ’வுக்கு நடுவே ஒரு ‘கே’ நிற்பதைக் காட்டினால் பிறகு எழுத்துப்பிழை வராது.

கடைசியாக, இளைஞர்கள் தொலைக்காட்சித் தொடர்களில் கேட்டு ஆசையோடு பிடித்துக்கொள்ளும் ஒரு பயன்பாடு உண்டு. யாராவது தவறாக எதையோ உளறி, அறை அமைதியாகிவிட்டால், ஒருவர் ‘ஆஆக்வர்ட்’ என்று ராகம் போட்டு இழுப்பார். நண்பர்களுக்குள் அது வேடிக்கை. அலுவலகத்தில், அதுவும் மேலதிகாரியோ வாடிக்கையாளரோ அந்த மௌனத்துக்குக் காரணமாக இருக்கும்போது, அவரை எல்லோர் முன்னும் சுட்டிக்காட்டுவதாகிவிடும். சூழலைக் கண்ணாலேயே அளந்து நடப்பதைக் கொரியர் ‘நுன்ச்சி’ என்று போற்றுகிறார்கள். உங்கள் மாணவருக்கு அது நிச்சயம் உண்டு. ஆங்கிலம் பேசும்போதும் அதை அப்படியே நம்பலாம் என்று சொல்லுங்கள். அந்தக் கூட்டத்தில் அவருக்கு உதவக்கூடியது வேறொரு வடிவம்: பணம், தாமதம், குறை போன்ற எதையாவது எழுப்ப வேண்டியிருந்தால் ‘திஸ் இஸ் அ பிட் ஆக்வர்ட், பட்’ என்று தொடங்கிவிட்டு நேராக விஷயத்துக்குப் போகலாம். அடுத்த வகுப்பில் இந்த ஒரு தொடக்கத்தைக் கொடுத்து, உண்மையிலேயே தாம் கேட்கத் தயங்கிக்கொண்டிருக்கும் ஒன்றை உங்களிடம் கேட்கச் சொல்லுங்கள்.